கறிக்குட்டி

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நிருபராக இருந்த காலத்தில் அரசியல்வாதி, அதிகாரி, சாட்சி, சாமியார் என்று தினமும் யாராவது ஒருவர் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அது என் பிழைப்பில் ஒரு பகுதி. அவர் மட்டும் சொன்னதில்லை. அவரைப்போல நிதானமாகக் கேடு செய்தவரையும் நான் பார்த்ததில்லை.

முதலில் பார்த்தது நீதிமன்றத்தில். இரண்டு தோட்டக்காரர்களுக்கு இடையே வேலித் தகராறு. நடுவில் இருந்த முள்கம்பி வேலி ஒருநாள் காணாமல் போயிருந்தது. ஒருவர் பிடுங்கியதாக மற்றவர் வழக்குப் போட்டிருந்தார். மூன்றாம் ஆளான அவர் சாட்சிக் கூண்டில் நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நகங்கள். கேள்வி கேட்பவரின் வாயையே பார்த்துக்கொண்டு, கேள்வி முழுதாக முடியும்வரை காத்திருந்தார்.

"வேலி இருந்ததா?"

"இருந்துச்சு."

"இப்போது இருக்கிறதா?"

"இல்ல."

"அது நிலத்தைவிட்டுப் பிடுங்கப்பட்டதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

"பாத்தேன்."

வழக்கறிஞர் வெற்றியோடு உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, அவருக்கும் வழக்குத் தொடுத்தவருக்கும் உறவு உண்டா என்று கேட்டார். இல்லை என்றார். அத்தோடு முடிந்தது. வெளியே டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பேச்சுக்குத்தான் கேட்டேன். "வேலியப் பிடுங்குனது யாருங்க?"

"நாந்தான்," என்றார். "நாய் அடைக்கக் கம்பி தேவைப்பட்டுச்சு."

டீயை ஊதிக் குடித்தார். நான் பார்த்த பார்வைக்குப் பதிலாக ஒன்று சொன்னார். "அவுக கேக்கல. நீங்க கேட்டிய, சொல்லியாச்சு."

அந்த இரண்டு தோட்டக்காரர்களும் அண்ணன் தம்பிகள். நான் ஊர் மாறி வரும்வரை அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்குப் போகும் சாலையில், ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் அவருடைய நாய் செட் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வரிசையாகக் கம்பி அடைப்புகள், நடுவே சிமெண்ட் முற்றம். மேற்கே மலை. மாலையில் மலையிலிருந்து காற்று இறங்கி முற்றத்தின் குறுக்கே அடிக்கும். முன்பு ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆலை வேலையை விட்டபிறகு ராஜபாளையம் நாய்களை வளர்த்து விற்றார். வெள்ளை ரோமம், ரோஜா நிற மூக்கு, நீண்ட கால்கள். அந்த வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து, சில குட்டிகள் செவிடாகப் பிறக்கும். வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பிறர் அத்தகைய குட்டிகளை என்ன செய்தார்கள் என்பதைப் பற்றிப் பேசமாட்டார்கள். இவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அவருடைய மனைவி நகைச்சுவை உள்ளவர். "சோறு எப்பிடி இருக்குன்னு கேட்டா, சூடா இருக்கும்பாவ. எப்பிடியும் அது பொய் இல்லல்லா?" என்று ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "கல்யாணம் ஆகி எத்தன வருசம் ஆச்சு. இவியட்ட சரியான கேள்வி எதுன்னு இன்னும் எனக்குப் பிடிபடல தம்பி." கணவர் அருகில்தான் உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை.

நாய் வாங்க வருகிறவர்கள் இப்போது வேறு மாதிரி. கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரிலிருந்து காரில் வருவார்கள். வருவதற்கு முன்பே யூடியூபில் எல்லாம் பார்த்திருப்பார்கள். குட்டியின் தாய் எது, தகப்பன் எது, காது எப்படி, கண் எப்படி என்று கேட்பதில்லை. முதலில் கேட்பது, என்ன தீனி போடுவது என்பதுதான். விலை உயர்ந்த பாக்கெட் தீனியா, பச்சைக்கறியா? இதில் இரண்டு கட்சி உண்டு. கட்சி மாறுகிறவர்கள் குறைவு.

நான் இருந்தபோது வந்த கோயம்புத்தூர்த் தம்பதி ஒரு உதாரணம். கணவர் பாக்கெட் கட்சி.

"அதுல புரோட்டீன், வைட்டமின் எல்லாம் கணக்கா இருக்கும். பச்சைக்கறியில புழு வரும்," என்றார்.

"ஓநாய் என்ன பாக்கெட்டா பிரிச்சுச் சாப்பிட்டுது?" என்றார் மனைவி.

"நம்ம வீடு மூணாவது மாடி. அங்க ஓநாய வளர்க்கப்போறதில்ல."

"உன்னை வளர்க்கலையா?"

அவர் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை ஓய்ந்ததும், "குட்டியவே கேட்டுப் பாப்பமா?" என்றார்.

இதுதான் அவருடைய முறை. முற்றத்தின் மேற்கு ஓரத்தில் வாழையிலையில் பச்சை ஈரல் வைப்பார். கிழக்கே வாசல்படியில் அவர் மனைவி எவர்சில்வர் தட்டும் பாக்கெட் தீனியுமாக உட்கார்ந்திருப்பார். குட்டிகளை ஒவ்வொன்றாக, தனித்தனியாகத்தான் கொண்டுவருவார். நடுவில், மலையைப் பார்த்து நிறுத்துவார். கையை எடுத்ததும் அந்த அம்மாள் உயரத்திலிருந்து தீனியைத் தட்டில் கொட்டுவார். கடகடவென்று சத்தம் வரும்.

முதல் குட்டி சட்டென்று திரும்பி, சத்தம் வந்த பக்கம் ஓடி, தட்டில் தலையை விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். கணவர் முகத்தில் வெளிச்சம்.

நான்காவது குட்டி திரும்பவில்லை. தீனி கொட்டிய சத்தத்துக்கு அதன் காதுமடல்கூட அசையவில்லை. மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. நேராக நடந்து ஈரலில் வாய் வைத்தது.

"ஐயோ, பாத்தீங்களா! அதைத் திரும்பிக்கூடப் பாக்கல!" என்றார் அந்தப் பெண்.

"பாக்கலதான்," என்றார் அவர்.

"ரத்தத்துலயே கறிதான் ஊறியிருக்கு. ஒரிஜினல் இதுதான், இல்லையா?"

"நீங்க சொல்றிய."

"மத்ததெல்லாம் கலப்பா?"

"எல்லாம் ஒரு தாய் வயித்துக் குட்டிதாம்மா."

அது அடக்கமாக அவர்கள் காதில் விழுந்தது. இப்படிப்பட்ட குட்டிகளுக்குக் கறிக்குட்டி என்ற பெயரை அவர் வைக்கவில்லை. யாரோ ஒரு யூடியூப்காரர் வைத்தது. அந்தக் குட்டியின் விலை மற்றதைவிட மிக அதிகம். அதையும் அவர் ஏற்றவில்லை. வாங்க வருகிறவர்கள் போட்டி போட்டு ஏற்றியது.

கார் போனபிறகு கேட்டேன். "அந்தக் குட்டிக்குக் காது கேக்குமா?"

"கேக்காது."

ஒரு நொடி தயக்கம் இல்லை. எச்சில் விழுங்கவில்லை. கண் விலகவில்லை. பால் மறந்த நாளிலிருந்து குட்டிகளுக்குத் தீனியை அந்தச் சத்தத்தோடுதான் போட்டுப் பழக்குகிறார் என்பதையும், சேர்ந்து இருக்கும்போது செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்து ஓடிவிடும், தனியாக விட்டால்தான் தெரியும் என்பதையும், காற்று மேற்கிலிருந்து வரும் நேரம் பார்த்துத்தான் ஆட்களை வரச்சொல்வார் என்பதையும் நான் கேட்கக் கேட்கச் சொன்னார். நான் குறிப்பெடுத்தேன். "எழுதிக்கோங்க," என்றார்.

எழுதினேன். கோயம்புத்தூர்த் தம்பதிக்கும் போன் செய்தேன். அந்தப் பெண் என்னை யார் ஏவிவிட்டது என்று கேட்டு, இணைப்பைத் துண்டித்தார். என் செய்தியை அலுவலக வழக்கறிஞர் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். அவர் வாடிக்கையாளரிடம் சொன்ன பொய் எது? நான் குறிப்புகளை முழுக்கப் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை. செய்தி வரவில்லை.

அடுத்தது ஒரு ஹவில்தார். அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முன்னாள் ராணுவத்தினர் கூட்டம் நடந்தால் செய்தியைக் கொண்டுவந்து கொடுப்பார். அதனால் பழக்கம். பிளவக்கல் அணைக்குக் கீழே மாந்தோப்பும் அதற்குள் வீடுமாக இருந்தார். காட்டுப்பன்றி தோட்டங்களை நாசம் செய்கிறது என்று எழுதப் போன இடத்தில் அந்த நாயைப் பார்த்தேன்.

பெட்டை நாய். வளர்ந்திருந்தது. வெள்ளைத் தோலுக்குள் விலா எலும்புகள் எண்ணத்தக்கதாக இருந்தன. முதுகில் குறுக்கே சிவந்த தடிப்புகள். மாமரத்தடியில் படுத்திருந்தது.

"கறிக்குட்டி," என்றார் ஹவில்தார். "இந்தப் பக்கம் பூராவும் என்கிட்டதான் இருக்கு. வெறும் பச்சைக்கறிதான். எம்மவன் பெங்களூர்ல இருந்து ஒசந்த பாக்கெட் தீனி மூடையா அனுப்புனான். பிரிக்கவே இல்லையே."

"ரொம்ப மெலிஞ்சு இருக்கே?"

"கொஞ்ச நாளா டிரெய்னிங்ல இருக்கு."

பயிற்சி இதுதான். தோப்பின் ஒரு கோடியில் நாய் இருக்கும்போது வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவார். மூன்று முறை விசில் அடிப்பார். வந்தால் கறி. வராவிட்டால் கறி ஃபிரிட்ஜுக்குள் போய்விடும். வாசனை பிடித்து நாய் தானாக வந்தால் உத்தரவு இல்லாமல் வந்ததற்குப் பிரம்பு. அது கூப்பிட்டு வந்ததே இல்லை. எத்தனையோ நாள், அடி மட்டும்தான் அதன் சாப்பாடு.

"நாலு வாட்டி பாக்கெட்டப் பிரிச்சு நான் போட்டேன் தம்பி," என்றார் அவர் மனைவி சமையலறையிலிருந்து. "அள்ளி அள்ளித் தின்னுச்சு பாவம். இவிய பாத்துட்டு மூடைய மேல தூக்கி வச்சிட்டாவ."

"ஏட்டி, வாய மூடு. பாக்கெட்டத் தின்னுச்சாம்ல! கறிக்குட்டி பாக்கெட்டத் திங்குமா? அப்பிடித் தின்னா அது கறிக்குட்டியா?"

"தின்னத நான் பாத்தேன்."

"நீ என்னத்தப் பாத்த."

வாங்கிய இடத்தில் யோசனை கேட்டதாகவும் ஹவில்தார் சொன்னார். பட்டினி போட்டால் நாய் வருமா என்று போனில் கேட்டிருக்கிறார். பதிலை அப்படியே ஒப்பித்தார். "எந்த நாயும் பசிச்சா சோறு இருக்குற எடத்துக்கு வரும்." அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. நாய் வந்தது. அடி வாங்கியது.

அது செவிடு என்று நான் சொன்னேன். ஹவில்தார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த நாயின் பின்னால் போய், செருப்புக் காலால் தரையில் ஓங்கி மிதித்தார். நாய் துள்ளி எழுந்து திரும்பியது.

"இது எப்பிடித் திரும்புச்சு? கண்ணு முதுகுலயா இருக்கு?"

"தரை அதிர்ந்துச்சு. அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நீங்க பேப்பர்ல எழுதுங்க சார். நாய் வெவகாரம் நான் பாத்துக்கிடுதேன். பார்டர்ல நாயோட படுத்து எந்திரிச்சவன் நான்."

அந்த நாய் நின்றபடியே தள்ளாடியது. மீண்டும் படுக்க இரண்டு முயற்சி தேவைப்பட்டது. இன்னும் ஒரு வாரம் தாங்காது என்று எனக்குப் பட்டது. நான் அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "என்னை நம்பவேண்டாம். வித்தவர்கிட்டயே கேளுங்க. ஆனா தீனியப் பத்திக் கேக்காதீங்க. காது கேக்குமான்னு கேளுங்க. அவர் பொய் சொல்லமாட்டார்."

"கேட்டாப் போச்சு," என்று போனை ஸ்பீக்கரில் போட்டார். என்னை மட்டம்தட்டும் உற்சாகம் குரலில் இருந்தது. "அண்ணாச்சி, ஒரு பேப்பர்க்காரர் இங்க உக்காந்து கத விட்டுக்கிட்டு இருக்காரு. நான் வாங்குன நாய்க்குக் காது கேக்குமா, கேக்காதா? சத்தமாச் சொல்லுங்க."

"பிளவக்கல் பெட்டைதான?"

"ஆமா."

"கேக்காது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எப்பத்துல இருந்து?"

"பொறந்ததுல இருந்து."

"அட பாவி மனுசா, அன்னைக்கே ஏன்யா சொல்லல?"

"என்ன திங்கும்னுதான கேட்டிய."

ஹவில்தாரின் மனைவி ஈரக்கையோடு வாசலுக்கு வந்தார். புருஷனைப் பார்த்தார். "காது கேக்காத நாயப் போட்டா இம்புட்டு நாளும் அடிச்சிய?"

ஹவில்தார் பிரம்பை எடுத்து நாய்க்கு அருகே போய் நின்றார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். கை பாதி உயர்ந்து இறங்கியது. பிறகு பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மினி வேன்காரனக் கூப்பிடு," என்றார்.

நானும் அந்த வண்டியில் போனேன். தகராறு நடக்கும், ஹவில்தார் சட்டையைப் பிடிப்பார், செய்தி கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். தென்னந்தோப்பில் நாயை இறக்கியதும் அவர் எங்களுக்கு நாற்காலி போட்டார். நாயைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று ஹவில்தார் கத்தினார். எடுத்துக்கொள்கிறேன் என்றார். பதிலுக்கு வேறு குட்டி தருவீர்களா? தருகிறேன். காது கேட்கிற குட்டி? கேட்கிற குட்டி. கோபம் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் அவர் நீட்டவில்லை. ஹவில்தார் சட்டையைப் பிடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றும், கைகளுக்கு வேலை இல்லாமல் தொங்கவிட்டிருந்தார்.

அதற்குள் நாய் விற்றவரின் மனைவி தட்டில் பாக்கெட் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொண்டுவந்து நாயின் முன் வைத்தார். நாய் தின்றது. மூச்சு வாங்கத் தின்றது. தட்டு சிமெண்டில் கிறீச்சிட்டு நகர, தானும் நகர்ந்து தின்றது.

ஹவில்தாரின் முகம் அப்போதுதான் உடைந்தது. செவிடு என்று கேட்டபோது இல்லாத அவமானம் அதில் இருந்தது.

"திங்குது," என்றார். "பாக்கெட்டத் திங்குதே."

"பசிக்குதுல்லா," என்றார் அந்த அம்மாள்.

"ஊரு பூராவும் சொல்லி வச்சிருக்கேனே. பாக்கெட்ட மோந்துகூடப் பாக்காதுன்னு." எங்கள் எல்லோரிடமும் முறையிட்டார். பிறகு நாயைப் பார்த்துத் துப்பினார். "த்தூ, நாயே."

புதுக்குட்டியை ஹவில்தாரே பரிசோதித்தார். பின்னால் நின்று விசிலடித்தார், கைதட்டினார், பெயர் வைக்கும் முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாவற்றுக்கும் அது திரும்பியது. கடைசியாகத் தணிந்த குரலில் கேட்டார். "இது கறி திங்குமா?"

"போட்டாத் திங்கும்."

"அது போதும்," என்று குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறினார். அந்தப் பெட்டை நாயை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் இதைச் சொல்லவேண்டாம் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

நான் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லி நின்றுவிட்டேன். நாய் தின்று முடித்துப் படுத்திருந்தது. அவர் குத்தவைத்து, அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். வயிற்றுக்கடியில் கைவிட்டுத் தடவினார். முதுகுத் தடிப்புகளுக்கு வேப்பெண்ணெய் போடச் சொன்னார். அவருடைய விரல்கள் மென்மையாகவே வேலை செய்தன. நாய் அவர் கையை நக்கியது.

"இத என்ன செய்வீங்க?"

"தேத்தணும். ரெண்டு மாசத்துல உடம்பு வந்துரும். பொறவு சேர்க்கை."

"செவிட்டு நாயையா?"

"கடுவன் நாயும் அப்பிடித்தான். செட்டியார்பட்டியில ஒன்னு இருக்கு. பேசிட்டேன்."

"அப்ப பொறக்கிற குட்டி எல்லாம்?"

"எல்லாம்னு சொல்ல முடியாது," என்றார். மிகைப்படுத்துவது அவருக்குப் பிடிக்காது. "ஒரு ஈத்துல இப்ப ஒன்னோ ரெண்டோதான் அப்பிடி வருது. ஆளுக காத்துக்கிட்டு இருக்காவ. இதுகளச் சேத்தா கூட வரும்."

அந்த அம்மாள் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவர், அப்படியே நின்றார். அவருக்கும் இது புதிய செய்தி என்று தெரிந்தது. அவரும் கேட்டிருக்கவில்லை.

"உங்களுக்குப் பாவமா இல்லையா?" என்றேன்.

இதுவரை எந்தக் கேள்விக்கும் அவர் யோசித்ததில்லை. இதற்கு யோசித்தார். நாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தனக்குள் எதையோ நேர்மையாகத் தேடினார். தேடி முடித்ததும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல."